மாய் மஸ்ரியின் படங்களை அறிமுகப்படுத்த அவருடைய இரட்டைப் பாரம்பரியம் எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வி: வெண்திரைவாசி

வணக்கம். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் பாலஸ்தீன ஆவணப்பட இயக்குநர் மாய் மஸ்ரியின் படங்களை மாதம் ஒன்றாகத் திரையிட முடிவு செய்திருக்கிறது. பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் நான்கு பக்க அறிமுகத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 'ஷத்தீலாவின் குழந்தைகள்', 'கனவும் அச்சமும் கொண்ட எல்லைகள்', '3000 இரவுகள்' ஆகிய மூன்றையும் பார்த்திருக்கிறேன். தொடக்ககாலப் படங்களைப் பார்க்கும் வாய்ப்பு இன்னும் அமையவில்லை.

அவரைப் பற்றிய குறிப்புகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே தகவலில்தான் தொடங்குகின்றன: தந்தை பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்தவர், தாய் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தவர், பிறந்தது 1959இல் ஜோர்டானின் அம்மானில், வளர்ந்தது லெபனான் தலைநகர் பெய்ரூத்தில். நானும் அங்கிருந்தே தொடங்கலாம் என்று எண்ணினேன். ஆனால் நான் பார்த்த மூன்று படங்களிலும் டெக்சாஸின் சாயல் எங்கும் தென்படவில்லை. இயக்குநர் தம் குடும்பத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருப்பவர் இரு நாடுகளின் பிள்ளை என்று யாரும் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அப்படியிருக்க, அந்தத் தகவலை முதல் பத்தியில் வைப்பது நியாயமா, அல்லது வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக ஒதுக்கிவிடலாமா? அவர் ஏன் மீண்டும் மீண்டும் குழந்தைகளிடமே போகிறார் என்பதையும், பல ஆண்டுகள் ஆவணப்படம் எடுத்தவர் '3000 இரவுகள்' படத்தை ஏன் புனைகதையாக எடுத்தார் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கீழைக்காற்று

ஒரு வரியாக ஒதுக்கிவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன், முதல் பத்தியில் வையுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். முதலில் வைக்க வேண்டியது 1982ஆம் ஆண்டை என்பது என் கருத்து.

மாய் மஸ்ரி திரைப்படக் கல்வி பயின்றது சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில். பட்டம் பெற்றது 1981இல். லெபனானில் 1975இல் மூண்ட உள்நாட்டுப் போர் அப்போது ஆறாண்டுகளைக் கடந்திருந்தது. தாயின் நாட்டிலேயே தங்கித் தொழில் செய்யும் வழி திறந்திருந்தும் அவர் பெய்ரூத்துக்குத் திரும்பினார். மறு ஆண்டு ஜூன் மாதம் இஸ்ரேலியப் படைகள் லெபனானுக்குள் நுழைந்தன. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கு பெய்ரூத் முற்றுகையிடப்பட்டது, குடிநீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன, குடியிருப்புகள்மீது குண்டுகள் விழுந்தன. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் போராளிகள் கப்பலேறி வெளியேறியபின், செப்டம்பர் 16 முதல் 18 வரை, இஸ்ரேலியப் படை சுற்றி வளைத்திருந்த, பாலஸ்தீன அகதிகள் வாழ்ந்த சப்ரா, ஷத்தீலா பகுதிகளுக்குள் புகுந்த லெபனான் கிறித்தவ ஃபலாஞ்சிஸ்ட் ஆயுதக்குழுவினர் மக்களைக் கொன்று குவித்தனர். இறந்தோர் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் சில நூறிலிருந்து 3,500 வரை வேறுபடுகின்றன. இந்தக் கோடையைப் பற்றியதுதான் மஸ்ரியின் முதல் படமான 'இடிபாடுகளுக்கு அடியில்' (1983). கல்லூரியை விட்டு வந்த ஒருவருக்கு வாய்த்த முதல் களம் இது.

அந்தப் படத்தை அவர் தனியாக எடுக்கவில்லை. உங்கள் அறிமுகத்தில் தாய், தந்தை இருவருக்கும் கொடுக்கும் இடத்தைவிடக் கூடுதலான இடத்தை ஜான் ஷமூன் என்ற பெயருக்குக் கொடுக்குமாறு வேண்டுகிறேன். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த லெபனானியரான ஷமூன், போரின் தொடக்க ஆண்டுகளில் இசைக்கலைஞர் ஜியாத் ரஹ்பானியோடு சேர்ந்து வானொலியில் அரசியல் நையாண்டி நிகழ்ச்சி நடத்தியவர். கிழக்கு பெய்ரூத்தின் தல் அல்-ஜாத்தர் அகதி முகாம் 1976 ஆகஸ்டில் கிறித்தவ ஆயுதக்குழுக்களின் முற்றுகையில் வீழ்ந்தது. அதைப் பற்றிய ஆவணப்படத்தை இயக்கிய மூவரில் ஷமூனும் ஒருவர். தாம் பிறந்த சமூகத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் செய்ததைத் தாமே முன்வந்து பதிவு செய்த மனிதர் அவர். மஸ்ரி அவரை மணந்து, 2017இல் அவர் மறையும்வரை தொழிலிலும் துணையாக வாழ்ந்தார். 'காட்டுப்பூக்கள்: தென் லெபனானின் பெண்கள்' (1986), பிபிசிக்காக எடுத்த 'போர்த் தலைமுறை: பெய்ரூத்', போர் முடிந்தபின் எடுத்த 'அந்தரத்தில் நிற்கும் கனவுகள்' (1992) ஆகியவை இருவரும் சேர்ந்து இயக்கியவை. பின்னர் ஒருவர் இயக்க மற்றவர் தயாரிப்பது வழக்கமாயிற்று.

ஆகவே நாப்லுஸும் டெக்சாஸும் அவருக்குப் பிறப்பால் வந்தவை, பெய்ரூத்தையோ அவர் தாமே தேர்ந்துகொண்டார். படங்களைத் தாங்கி நிற்பது இந்த மூன்றாவதுதான்.

இன்னொரு பின்னணியும் பயன்படக்கூடும். பாலஸ்தீனர்களின் திரைப்பட இயக்கம் 1968 வாக்கில் அம்மானில் சுலாஃபா ஜாதல்லா, ஹானி ஜவ்ஹரியா, முஸ்தஃபா அபூ அலி ஆகியோரால் தொடங்கப்பட்டு, பின்னர் பெய்ரூத்துக்கு இடம்பெயர்ந்தது. ஜவ்ஹரியா 1976இல் மலைப்பகுதிச் சண்டையைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அந்த இயக்கம் சேர்த்துவைத்திருந்த படச்சுருள் காப்பகம் 1982க்குப் பிறகு பெய்ரூத்திலிருந்து காணாமற் போயிற்று. மஸ்ரி தொழிலுக்கு வந்தது இந்த முறிவுக்கு மறுபக்கத்தில். முன்னோர் ஓர் அமைப்பின் குரலாக எடுத்தார்கள். அந்த அமைப்பே ஊரைவிட்டுப் போனபின் எடுக்கத் தொடங்கிய மஸ்ரிக்கு, எஞ்சியிருந்த மனிதர்களை ஒவ்வொருவராகச் சந்திப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கொள்கை விளக்கம் குறைந்து தனி மனிதர்களின் பேச்சு நிறைந்த அவருடைய பாணிக்கு மனப்பாங்கு மட்டுமின்றிக் காலமும் காரணம்.

மறுமொழி 2: தொகுப்புமேசை

கீழைக்காற்று அவர்களின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். குழந்தைகள் பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். படத்தொகுப்புத் தொழிலில் இருப்பதால் என் பார்வை அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும், பொறுத்தருள்க.

குழந்தைகளை மையமாகக் கொண்ட மூன்று படங்களை ஒரே வரிசையாகப் பார்ப்பது நல்லது. முதலாவது 'நெருப்பின் குழந்தைகள்' (1990). முதல் இன்திஃபாதா (இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீனர்களின் எழுச்சி) 1987 டிசம்பரில் வெடித்தபின், 14 ஆண்டுகள் காணாதிருந்த நாப்லுஸுக்கு மஸ்ரி திரும்புகிறார். அங்கே அவரை எதிர்கொண்டது ஊரடங்கு. தெருவில் கல்லெறியும் சிறுவர்களும் வீட்டுக்குள் அடைபட்ட குடும்பங்களும் படத்தின் உலகம். சொந்த ஊருக்கு நெடுங்காலம் கழித்துத் திரும்பும் ஒருவர் இயல்பாகத் தம் நினைவுகளைத்தான் தேடுவார், தம் தெருவையும் தாத்தா வீட்டையும் காட்டிக் குரல் தழுதழுப்பார். மஸ்ரியின் படமோ அந்த 14 ஆண்டுகளில் தாம் அறியாமலே வளர்ந்துவிட்ட தலைமுறையை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஊரில் மாறாமல் இருப்பவற்றை விட்டுவிட்டு மாறியதைக் கேட்கும் இந்தப் பழக்கம் பின்வந்த படங்கள் அனைத்திலும் தொடர்கிறது.

இரண்டாவது 'ஷத்தீலாவின் குழந்தைகள்' (1998). பாட்டன்மார் பாலஸ்தீனத்திலிருந்து வெளியேற்றப்பட்டு 50 ஆண்டுகள் நிறைந்த வேளையில் எடுக்கப்பட்ட படம். 1949இல் உருவான இந்த முகாம் 1982 படுகொலைக்குப் பிறகு, 1985 முதல் 1988 வரை நடந்த 'முகாம்களின் போர்' முற்றுகையிலும் சிதைந்தது. 11 வயது ஃபரா என்ற சிறுமியிடமும் 12 வயது ஈசா என்ற சிறுவனிடமும் மஸ்ரி வீடியோ கேமராக்களைக் கொடுக்கிறார். இன்று கைப்பேசி இல்லாத குழந்தையைக் காண்பது அரிது என்பதால் இது நமக்குப் பெரிய செயலாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் செய்தி நிறுவனங்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போகும் பொருளாகவே அறியப்பட்ட ஓர் இடத்தில், அங்கேயே பிறந்த குழந்தை கேமராவைத் தூக்கிக்கொண்டு முதியவர்களிடம் போய் உட்காரும்போது கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது. வெளியிலிருந்து வந்தவர் படுகொலையைப் பற்றிக் கேட்பார். பேரப்பிள்ளையோ நம் ஊரில் வீடு எப்படி இருந்தது என்று கேட்கும், அடுத்த நிமிடமே நீங்கள் எப்போதாவது அழுதீர்களா என்றும் கேட்டுவிடும். பெரியவர்களும் செய்தியாளருக்குச் சொல்லும் பதிலைக் குழந்தைக்குச் சொல்வதில்லை. பேச்சின் வேகம் குறைகிறது, இடையில் சிரிப்பும் வருகிறது. தொகுப்பாளர்கள் இத்தகைய இடைவெளிகளை வழக்கமாக வெட்டி எறிவோம். இந்தப் படம் அவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

மூன்றாவது, நீங்கள் பார்த்த 'கனவும் அச்சமும் கொண்ட எல்லைகள்' (2001). ஷத்தீலாவில் வாழும் மோனாவும் பெத்லகேமுக்கு அருகிலுள்ள தஹைஷா முகாமில் வாழும் மனாரும் கடிதங்களின் வழியே தோழிகளாகிறார்கள். இரு முகாம்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு பகலில் சாலை வழியே கடந்துவிடலாம். ஆனால் லெபனானிலுள்ள பாலஸ்தீன அகதிக்கு அந்தச் சாலை இல்லை. 2000 மே மாதம் இஸ்ரேல் தென் லெபனானிலிருந்து தன் படைகளைத் திரும்பப் பெற்றபோது, எல்லை முள்வேலியின் இருபுறமும் பல பத்தாண்டுகளாகப் பிரிந்திருந்த குடும்பங்கள் கூடின. அந்தக் கூட்டத்தில் மோனாவும் மனாரும் முதன்முறையாக முகம் பார்த்துக்கொள்கிறார்கள், கம்பிகளுக்கு ஊடாகக் கைகளைப் பற்றிக்கொள்கிறார்கள். எந்தத் திரைக்கதையாளரும் எழுதத் துணியாத தற்செயல் இது. ஒரு சாதாரண இயக்குநர் அங்கே படத்தை முடித்திருப்பார். மஸ்ரி முடிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் இன்திஃபாதா தொடங்குகிறது, படம் அதற்குள்ளும் செல்கிறது, சிறுமிகளின் வாழ்க்கை மீண்டும் இறுகுகிறது.

இரட்டைப் பாரம்பரியம் பற்றி நான் சொல்லக்கூடியது இந்தப் படத்தோடு தொடர்புடையது. ஒருவருக்கு இரண்டு இடங்கள் சொந்தமாக இருப்பதும் இரண்டு இடங்களுக்கும் போய்வர முடிவதும் வேறு வேறு செய்திகள். நாப்லுஸை விட்டு நெடுங்காலம் பிரிந்திருந்தவர் எடுத்த படத்தில், பிரிந்திருக்கும் இரு பெண்பிள்ளைகளுக்கு நடுவே செய்தி கொண்டுசெல்வது படப்பிடிப்பின் பணியாகவே ஆகிவிடுகிறது. தம்மைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத இயக்குநரின் வாழ்க்கை அவருடைய படத்தின் அமைப்பில் பதிந்திருக்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன். அறிமுகத்தில் டெக்சாஸைக் குறிப்பிட வேண்டுமென்றால் இந்த இடத்தில் குறிப்பிடுங்கள், முதல் வரியில் வேண்டாம்.

மறுமொழி 3: மாற்றுக்குரல்

மேலே இருவரும் எழுதியவற்றைப் படித்தேன். எதிர்க்கருத்தும் பதிவாக வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அமெரிக்கப் பாதி படங்களில் தென்படவில்லை என்று சொல்வது, அது திரையில் உருவமாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதால் வரும் முடிவு. பல படங்கள் பிபிசிக்காக எடுக்கப்பட்டவை. 'கனவும் அச்சமும் கொண்ட எல்லைகள்' அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியைச் சார்ந்த ஐடிவிஎஸ் அமைப்பின் ஆதரவைப் பெற்றது. ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் நீளம், ஒவ்வொரு படத்திலும் பார்வையாளர் எளிதில் பற்றிக்கொள்ளக்கூடிய இரண்டு மூன்று பாத்திரங்கள், அரசியல் வரலாற்றைச் சில வரிகளில் முடித்துக்கொண்டு உணர்வுக்குச் செல்லும் பாதை ஆகிய யாவும் மேற்கத்தியத் தொலைக்காட்சிப் பார்வையாளரை நன்கு அறிந்த ஒருவரின் தேர்வுகள். அந்தப் பார்வையாளர் எந்த நொடியில் அலைவரிசையை மாற்றிவிடுவார் என்பது மஸ்ரிக்குத் தெரியும். அது அவருடைய பலம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவுக்கு ஒரு விலையும் உண்டு. குழந்தையைக் காட்டினால் யாரும் எதிர்த்து வாதிட முடியாது. அதனாலேயே, வாதிட வேண்டிய சில கேள்விகள் படத்துக்குள் வராமலே போகின்றன. லெபனானில் பாலஸ்தீன அகதிகளுக்குப் பல தொழில்கள் சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தன, சொத்து வாங்கும் உரிமையும் பறிக்கப்பட்டது. ஷத்தீலாவின் வறுமைக்கு இதுவும் நேரடிக் காரணம். 'ஷத்தீலாவின் குழந்தைகள்' பார்த்து முடிக்கும் ஒருவர் முகாமின் துயரத்தை உணர்வார், ஆனால் பெய்ரூத்தின் சட்டமன்றம் அதில் வகிக்கும் பங்கைப் பற்றித் தெளிவாக அறிந்திருப்பாரா என்பது எனக்கு ஐயமே. இசையும் சில இடங்களில் தேவைக்கு மேல் கரைகிறது.

இதை அறிமுகத்தில் எழுதினால் பார்வையாளர்கள் திரையிடலுக்குப் பிறகு பேசுவதற்கு ஏதேனும் இருக்கும்.

வெண்திரைவாசி

மூவருக்கும் நன்றி. மாற்றுக்குரல் அவர்கள் சுட்டிய சட்டத் தடைகளைப் பற்றி ஒரு பத்தியைச் சேர்த்துவிடுகிறேன், படம் சொல்லாததை அறிமுகம் சொல்வதில் தவறில்லை. ஆயினும், மேற்கத்தியப் பார்வையாளரை மனத்தில் வைத்து எடுப்பது அவ்வளவு எளிதாகக் குறையாகிவிடுமா என்று தயங்குகிறேன். '3000 இரவுகள்' அரபுப் பார்வையாளருக்காக எடுத்தது போலவே எனக்குத் தோன்றியது. அதைப் பற்றி யாரேனும் விரிவாக எழுத இயலுமா?

மறுமொழி 4: கீழைக்காற்று

மாற்றுக்குரல் அவர்களின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். யாரிடம் பேசுகிறோம் என்ற உணர்வு மஸ்ரியிடம் எப்போதும் உண்டு. 1995இல் அவர் பிபிசிக்காக எடுத்த படம் ஹனான் அஷ்ராவியைப் பற்றியது என்பதே இதற்குச் சான்று. அஷ்ராவி நாப்லுஸில் பிறந்தவர், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற ஆங்கில இலக்கியப் பேராசிரியர், 1991 மாட்ரிட் அமைதி மாநாட்டில் பாலஸ்தீனக் குழுவின் செய்தித் தொடர்பாளராக உலகத் தொலைக்காட்சிகளில் அறியப்பட்டவர். மேற்கத்தியச் செய்தியாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்குள் மறைந்திருக்கும் முன்முடிவை முதலில் எடுத்துக்காட்டிவிட்டுப் பிறகு பதில் சொல்வது அவருடைய பேச்சு முறை. ஆங்கிலமும் அரபியும் ஒருங்கே வீட்டு மொழிகளாக அமைந்தவரின் ஆர்வம் இத்தகைய ஒருவரிடம் சென்றதில் வியப்பில்லை. ஆனால் இரு தரப்பையும் அறிந்திருப்பதை இரு தரப்புக்கும் நடுவே நிற்பதாகக் கொள்ளக்கூடாது. மஸ்ரி நடுவில் நிற்பதாக ஒருபோதும் பாவனை செய்ததில்லை.

இனி '3000 இரவுகள்' (2015). அதன் வித்து 1980களின் நாப்லுஸ் படப்பிடிப்பிலேயே விழுந்துவிட்டது. இஸ்ரேலியச் சிறையில், விலங்கிடப்பட்ட நிலையில் குழந்தை பெற்ற ஒரு பாலஸ்தீனப் பெண்ணை மஸ்ரி அங்கே சந்தித்தார். அந்தச் சந்திப்புக்கும் படத்துக்கும் இடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்தது. பின்னாளில் பல முன்னாள் கைதிகளிடம் பேசிச் செய்திகளைத் திரட்டினார். அப்படியானால் ஏன் ஆவணப்படமாக எடுக்கவில்லை என்ற உங்கள் கேள்விக்கு என் விடை எளிமையானது: சிறைக்குள் கேமரா போக முடியாது, கடந்த காலத்துக்குள்ளும் போக முடியாது. முன்னாள் கைதிகளை நாற்காலியில் அமர்த்தி நேர்காணல் எடுத்திருந்தால், தப்பி வந்தவரின் நிதானமான குரல்தான் கிடைத்திருக்கும். சிறைக்குள் குழந்தை தவழக் கற்றுக்கொண்ட நாட்கள் அந்தக் குரலில் முழுமையாக வராது. தலைமை ஆசிரியைபோல் அதட்டும் காவலாளி, அரசியல் கைதிகளோடு ஒரே கட்டடத்தில் அடைக்கப்பட்ட இஸ்ரேலியக் குற்றவாளிப் பெண்கள், கைதிகளின் போராட்டத்தில் சேர்ந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவோம் என்ற மிரட்டலுக்கு நடுவே லயால் என்ற இளம் ஆசிரியை எடுக்க வேண்டிய முடிவு ஆகிய எல்லாவற்றுக்கும் நடிகர்கள் தேவைப்பட்டார்கள்.

இருந்தாலும் ஆவணப்படக்காரரின் கை இதில் நன்றாகத் தெரிகிறது. ஜோர்டானில் பயன்பாடற்றுக் கிடந்த உண்மையான சிறை ஒன்றில்தான் படப்பிடிப்பு நடந்தது. அரங்கமைத்து எடுத்திருந்தால் ஒளிப்பதிவாளர் சுவரை நகர்த்திக்கொண்டு வசதியான கோணத்தைத் தேடியிருப்பார், அங்கே சுவர் நகராது. லயாலாக நடித்த மைசா அப்துல் ஹாதியின் முகத்துக்கு மிக நெருக்கமாகக் கேமரா வந்து நிற்பதற்கு அழகியல் காரணத்தோடு அந்த அறையின் குறுகலும் காரணமாக இருக்க வேண்டும். 1982 படுகொலைச் செய்தி சிறைக்குள் வந்து சேரும் பகுதியைக் கவனித்துப் பாருங்கள். மஸ்ரி தம் முதல் படத்தில் பெய்ரூத்துக்குள்ளிருந்து பதிவு செய்த அதே கோடைக்குப் பின்வந்த நாட்களை, 30 ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு பூட்டிய இடத்திலிருந்தவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று கற்பனை செய்கிறார்.

மறுமொழி 5: நிலவறை

தாமதமாக வருகிறேன். லெபனானைப் பற்றிய பிற்காலப் படங்களை யாரும் தொடவில்லை, அவற்றை விட்டுவிட்டால் மஸ்ரியை முகாம்களின் இயக்குநராக மட்டுமே உங்கள் பார்வையாளர்கள் அறிவார்கள்.

முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி 2005 பிப்ரவரி 14 அன்று கொல்லப்பட்டபின் பெய்ரூத்தின் தியாகிகள் சதுக்கத்தில் இளைஞர்கள் கூடாரமிட்டுப் போராடியதை, நதீன் என்ற 25 வயதுப் பெண்ணைப் பின்தொடர்ந்து 'பெய்ரூத் நாட்குறிப்புகள்' (2006) பதிவு செய்தது. அந்தப் போராட்டத்தின் மகிழ்ச்சியைவிட, நாட்கள் செல்லச்செல்ல ஒவ்வொரு குழுவும் தன் தன் கூடாரத்துக்குள் சுருங்குவதைக் காட்டும் பகுதிகளே படத்தில் வலிமையானவை. 2006 ஜூலையில் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் இடையே மூண்ட போரைப் பற்றியது '33 நாட்கள்' (2007). குண்டுவீச்சுக்கு நடுவே நாடக அரங்கு ஒன்றில் இடம்பெயர்ந்த குழந்தைகளோடு நாடகம் போடும் இயக்குநர், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் இரவு பகலாக இருப்பவர் என வேலையில் மூழ்கியிருக்கும் மனிதர்களை அது பின்தொடர்கிறது. மாற்றுக்குரல் அவர்கள் சொன்ன உணர்வுக் கரைசல் இந்தப் படத்தில் குறைவு. அழுவதற்கு யாருக்கும் நேரமில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

கணவர் மறைந்தபின் அவர் எடுத்த 'பெய்ரூத்: புயலின் கண்' (2021) என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. 2019 அக்டோபர் 17 அன்று தொடங்கிய மக்கள் எழுச்சியை நான்கு இளம்பெண்கள் வழியாகச் சொல்லத் தொடங்கிய படத்தைப் பெருந்தொற்று வழிமறித்தது. பின்னர் 2020 ஆகஸ்ட் 4 அன்று துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர், படத்தின் போக்கும் வேறாயிற்று. அந்த நால்வரில் மிஷேல், நோயல் கெசர்வானி சகோதரிகள் நையாண்டிப் பாடல்கள் எழுதிப் பாடுபவர்கள். பின்னர் தாங்களே படம் இயக்கி, 2023இல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருதைப் பெற்றார்கள். 1998இல் ஃபராவிடமும் ஈசாவிடமும் மஸ்ரி கேமராவைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2019இல் அவர் பின்தொடர்ந்தவர்களோ முன்பே தங்கள் கேமராவோடு தெருவில் நின்றார்கள். இந்த மாற்றத்தைப் பார்க்கும்போது, மாற்றுக்குரல் அவர்கள் எழுப்பிய 'யாருக்காக எடுக்கிறார்' என்ற கேள்வி கொஞ்சம் பழையதாகிவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. இந்தப் படத்தில் பார்ப்பவர்களும் பார்க்கப்படுபவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்.

திரையிடல் வரிசையைப் பற்றியும் ஒரு சொல். காலவரிசையில் போட்டால் 'இடிபாடுகளுக்கு அடியில்' முதலில் வரும். பின்னணி அறியாத பார்வையாளருக்கு அது கடினமான தொடக்கம். 'ஷத்தீலாவின் குழந்தைகள்' படத்தையும் 'கனவும் அச்சமும் கொண்ட எல்லைகள்' படத்தையும் ஒரே மாலையில், இடைவேளை விட்டு, அடுத்தடுத்துப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'இடிபாடுகளுக்கு அடியில்' படத்தையும் '3000 இரவுகள்' படத்தையும் அடுத்தடுத்த மாதங்களில் வைத்தால், கீழைக்காற்று அவர்கள் சொன்ன 1982ஆம் ஆண்டின் தொடர்பைப் பார்வையாளர்களே கண்டுகொள்வார்கள்.

வெண்திரைவாசி

வரிசையை நிலவறை அவர்கள் சொன்னபடியே மாற்றிவிட்டோம், 'புயலின் கண்' கடைசி மாதத்துக்குப் போகிறது. அறிமுகக் கட்டுரையை 1982இல் தொடங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். பெற்றோர் பற்றிய தகவல் இரண்டாம் பக்கத்தில், மோனாவும் மனாரும் வேலியருகே சந்திக்கும் இடத்தை ஒட்டி வருகிறது. வரைவு முடிந்ததும் இங்கே பதிவிடுகிறேன். மாற்றுக்குரல் அவர்கள் சட்டத் தடைகள் பற்றிய பத்தியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.